ஸனா மக்கியும் நிலவாகையும்



நம் மஹல்லாவில் ஃபஜ்ர் தொழுகையின் முதல் ஸஃப்பில், வலது ஓரத்தில், எப்போதும் நிற்கும் பெரியவர் ஒருவர் உண்டு. போடியில் ஏலக்காய்க் கமிஷன் கடையில் முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதிவிட்டு, கம்பத்துக்குத் திரும்பி ஓய்வில் இருப்பவர். மழையோ பனியோ அவரைத் தடுத்ததில்லை. சென்ற ஆண்டு பத்துப் பன்னிரண்டு நாள்கள் அந்த இடம் காலியாக இருந்தது. விசாரித்தபோது, 'வீட்டிலேயே தொழுகிறார்' என்று பேரன் சொன்னான். பிறகு ஒரு ளுஹருக்கு வந்தவர், ஹவுஸில் உளூச் செய்ய உட்கார்ந்து எழும்போது தலைசுற்றி அப்படியே சரிந்தார். மருத்துவமனையில் சேர்த்தபோது சர்க்கரை வெகுவாகக் குறைந்திருந்தது. உடலில் நீரும் உப்பும் வற்றியிருந்தன.

மறுநாள் பார்க்கச் சென்றோம். "என்ன பெரியத்தா, இத்தனை நாளா வயித்தால போனதை ஒருத்தர்கிட்டயும் சொல்லலையே?" என்று கேட்டோம். அவர் சிறு பிள்ளையைப் போல வெட்கப்பட்டார். "கழிவெல்லாம் வெளியேறுதுன்னு சொன்னாங்க ஹஜரத். நபிமருந்துதானே, பாதியில நிறுத்தலாமான்னு இருந்துச்சு. உளூவே நிக்கல, அதான் பள்ளிக்கு வரல" என்றார்.

இதில் நமக்கும் பங்கு உண்டு என்பதால்தான் இதை எழுதுகிறோம். அந்த மாதத்தின் முதல் ஜும்ஆவில், கருஞ்சீரகத்தின் சிறப்பைக் குறித்து நாமே பயான் செய்திருந்தோம். மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் அதில் நிவாரணம் உண்டு என்ற கருத்தில் ஸஹீஹுல் புகாரியில் வரும் ஹதீஸை எடுத்துச் சொன்னோம். எவ்வளவு, எப்படி, யாருக்கு என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தொழுகை முடிந்து மக்கள் வெளியே வந்தபோது, வாசலில் வெளியூர் வியாபாரி ஒருவர் மேசை போட்டிருந்தார். கருஞ்சீரக எண்ணெய்ப் புட்டியும், பதினொரு மூலிகை சேர்ந்தது என்று சொல்லப்பட்ட ஒரு பொடி டப்பாவும் அங்கே விற்பனைக்கு இருந்தன. பெரியவர் இரண்டையும் வாங்கினார். எண்ணெய் வெறும் வயிற்றில் ஒரு நாளைக்கு மூன்று கரண்டி, பொடி இரவில் ஒரு கரண்டி என்பது வியாபாரி சொன்ன கணக்கு. அவர் ஏற்கெனவே சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுபவர். அதை வியாபாரி கேட்கவுமில்லை, இவர் சொல்லவுமில்லை.

பொடி டப்பாவை வீட்டுக்கு எடுத்து வந்து பார்த்தோம். பின்புறம் எறும்பு அளவு எழுத்தில் மூலிகைகளின் பெயர்கள் இருந்தன. அவற்றில் ஒன்று 'ஸனா மக்கி'. அதைப் படித்ததும் நமக்கு மதீனாவும் மக்காவும்தான் நினைவுக்கு வந்தன. பேதி நினைவுக்கு வரவில்லை. நம் தாயார் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துத் துப்பிவிட்டு, "இது நெலவாகைடா. பள்ளிக்கூடம் லீவு விட்டா வருஷத்துக்கு ஒரு தடவ ஒனக்குக் குடுப்பேனே, மறந்துபோச்சா?" என்றார்கள்.

மறக்கவில்லை. நிலவாகை குடித்த நாளில் வெளியே விளையாட அனுமதி கிடையாது. அடிக்கடி வெந்நீர் கொடுப்பார்கள். நண்பகலில் ரசம் ஊற்றிக் குழைந்த சோறு, மாலையில் மோர். இரண்டு நாள்களுக்குக் கறி கிடையாது. மறுபடி அடுத்த ஆண்டு விடுமுறையில்தான் அந்தப் பேச்சே வரும். அதே இலையைத்தான் எழுபத்திரண்டு வயதுப் பெரியவர், பன்னிரண்டு இரவுகள் தொடர்ந்து, பத்தியம் எதுவும் இல்லாமல் சாப்பிட்டிருக்கிறார். தமிழ்ப் பெயரில் விற்றிருந்தால் அவருடைய வீட்டுப் பெண்களே முதல் நாளிலேயே தடுத்திருப்பார்கள். அரபுப் பெயர் நம் வீடுகளின் பழைய அறிவைக் கண்மூட வைத்துவிட்டது.

இன்னொரு செய்தி வேடிக்கையானது. ஸனா என்று அழைக்கப்படும் இந்தச் செடி நம் திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரங்களில் பெருமளவில் பயிராகிறது. அங்கிருந்து உலகெங்கும் ஏற்றுமதியாகிறது. பன்னாட்டு வணிகத்திலேயே அதற்குத் திருநெல்வேலி சென்னா என்றுதான் பெயர். நாட்டு மருந்துக் கடையில் நிலவாகைச் சூரணம் என்று கேட்டால் மலிவாகக் கிடைப்பதை, மக்காவின் பெயரைப் போட்டுப் பல மடங்கு விலைக்கு நம்மிடமே விற்கிறார்கள்.

அது உடலில் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். நிலவாகையில் உள்ள சென்னோசைடு என்ற பொருள் இரைப்பையில் ஒன்றும் செய்வதில்லை. பெருங்குடலுக்குப் போன பிறகு, அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை உடைக்கின்றன. உடைந்த பொருள் குடற்சுவரைத் தூண்டி வேகமாகச் சுருங்க வைக்கிறது; நீர் உறிஞ்சப்படுவதையும் குறைக்கிறது. அதனால்தான் இரவு சாப்பிட்டால் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, சரியாக ஃபஜ்ர் நேரத்தில், வயிற்றைப் பிசைகிறது. அப்போது வெளியேறுவது உடலில் தேங்கிய நஞ்சன்று. குடலுக்குத் தேவையான தண்ணீரும், சோடியம் பொட்டாசியம் போன்ற உப்புகளும்தான் வெளியேறுகின்றன. பொட்டாசியம் குறைந்தால் தசை தளரும். இதயத் துடிப்பு தடுமாறும். இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுவோருக்கு இந்த ஆபத்து இரட்டிப்பு. மலச்சிக்கலுக்கு ஓரிரு நாள் எடுக்க நல்ல மருந்துதான். மருத்துவர் சொல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் நீட்டிக்கக் கூடாதது.

2020 ஜூன் மாதம், கொரோனா உச்சத்தில் இருந்தபோது, பாகிஸ்தானில் இதே ஸனா மக்கி அந்நோயைக் குணமாக்கும் என்று கைப்பேசிகளில் செய்தி பரவியது. சில நாள்களிலேயே அங்கே அதன் விலை பல மடங்கு ஏறியது. நோயால் ஏற்கெனவே தளர்ந்தவர்கள் அதைக் குடித்தால் வயிற்றுப்போக்கும் நீரிழப்பும் சேர்ந்து நிலைமை மோசமாகும் என்று அந்நாட்டு மருத்துவர்கள் எச்சரிக்க வேண்டியதாயிற்று. அதே காலத்தில் நம் பக்கம் கபசுரக் குடிநீர் வீட்டுக்கு வீடு காய்ந்தது. சுக்கு, திப்பிலி, கிராம்பு, அக்கிரகாரம் என்று காரமும் உறைப்பும் உள்ள சரக்குகளோடு 15 மூலிகைகள் சேர்ந்த கசாயம் அது. சித்த மருத்துவர்கள் சொன்ன சிறிய அளவில் குடித்தவர்கள் நன்றாகத்தான் இருந்தார்கள். தேநீருக்குப் பதிலாக மூன்று வேளையும் டம்ளர் டம்ளராகக் குடித்து, நெஞ்செரிச்சலோடு நம்மிடம் வந்து ஓதிப் பார்க்கச் சொன்னவர்களும் இருந்தார்கள். ஓதினோம். கசாயத்தைக் குறைக்கவும் சொன்னோம்.

இனி, மனத்தை உறுத்திய விஷயத்துக்கு வருவோம். பெரியவரின் மகன் அந்த வியாபாரியைக் கைப்பேசியில் அழைத்துக் கேட்டபோது, அவர் ஒரு ஹதீஸைச் சொன்னாராம். தம் சகோதரரின் வயிறு சரியில்லை என்று ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். தேன் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தும் வயிற்றுப்போக்கு அதிகமானது என்று அவர் திரும்பத் திரும்ப வந்தார்; ஒவ்வொரு முறையும் தேனையே கொடுக்கச் சொன்னார்கள்; இறுதியில் குணமானது. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி. "அதனால் நிறுத்தாமல் கொடுங்கள், நம்பிக்கை முக்கியம்" என்று வியாபாரி முடித்துக்கொண்டாராம்.

ஹதீஸ் ஸஹீஹானது; அதில் நமக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் அதை அந்த மனிதர் பயன்படுத்திய விதத்துக்கு உடனே பதில் சொல்ல நமக்கு வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். இரண்டு நாள் கழித்தே நூலைத் திறந்தோம். ஹிஜ்ரி 751-இல் மறைந்த இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் ஸாதுல் மஆதின் மருத்துவப் பகுதியில் இதே நிகழ்ச்சியை விளக்குகிறார்கள். மருந்துக்கு நோயின் நிலைக்கேற்ற அளவு ஒன்று உண்டு. குறைந்தால் நோய் முழுமையாக நீங்காது. மிகுந்தால் உடலின் வலுவைக் குலைத்து வேறொரு தீங்கை உண்டாக்கிவிடும் என்பதே அவர்கள் அந்தத் திரும்பத் திரும்பக் கொடுத்தலிலிருந்து எடுத்த பாடம். நோய், நோயாளியின் வலிமை, மருந்தின் அளவு ஆகியவற்றைக் கவனிப்பது மருத்துவத்தின் முக்கிய விதி என்றும் அங்கேயே சேர்த்து எழுதுகிறார்கள். எந்த ஹதீஸை வைத்து 'நிறுத்தாதே' என்று வியாபாரி சொன்னாரோ, அதே ஹதீஸிலிருந்து 'அளவைப் பார்' என்று அறிஞர் எடுத்திருக்கிறார்.

அந்த நிகழ்ச்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகவே தெரியும். அங்கே வயிற்றுப்போக்கு முன்பே இருந்தது. அதற்கு மருந்தாகத் தேன் சொல்லப்பட்டது. இங்கே நன்றாக இருந்த வயிற்றைப் பொடிதான் கெடுத்தது. அங்கே ஒவ்வொரு முறையும் நோயாளியின் நிலை திரும்பி வந்து தெரிவிக்கப்பட்டது. சொன்னவர் வஹீ அருளப்பட்ட அல்லாஹ்வின் தூதர். இங்கே விற்றவருக்கு நோயாளியின் பெயரும் தெரியாது.

கருஞ்சீரக ஹதீஸும் அப்படியே. புகாரியில் அது வரும் இடத்தைத் திறந்து முழுவதும் படித்தால் ஓர் அழகான செய்தி கிடைக்கும். பயணத்தில் நோயுற்ற ஒருவரைப் பார்க்க வந்த இப்னு அபீ அத்தீக் (ரஹ்) அவர்கள், கருஞ்சீரகத்தில் 5 அல்லது 7 விதைகளை எடுத்து அரைத்து, எண்ணெயில் கலந்து, மூக்கின் இரு பக்கமும் சொட்டுகளாக விடச் சொல்கிறார்கள். அதைச் சொன்ன பிறகே, ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக அந்தச் சிறப்பை அறிவிக்கிறார்கள். 5 அல்லது 7 விதை! ஒரு தேக்கரண்டி கருஞ்சீரக எண்ணெய் பிழிய 10 கிராமுக்கும் மேல் விதை தேவைப்படும். மூன்று கரண்டி குடித்த நம் பெரியவர் நாள்தோறும் ஒரு கைப்பிடி விதையின் எண்ணெயை வெறும் வயிற்றில் இறக்கியிருக்கிறார். புகாரிக்கு விரிவுரை எழுதிய இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள், இந்த விதை எல்லா நோய்க்கும் தனியாகவே பயன்படுத்தப்படும் என்பதல்ல பொருள். சில வேளை தனியாகவும், சில வேளை வேறு பொருளோடு சேர்த்தும், சில வேளை அரைத்தும் அரைக்காமலும் நோய்க்குத் தக்கபடி பயன்படும் என்ற விளக்கத்தைப் பதிவு செய்கிறார்கள். பொதுவான சொல்லில் குறிப்பிட்ட நோய்களே நாடப்பட்டுள்ளன என்ற இமாம் கத்தாபி (ரஹ்) அவர்களின் கருத்தையும் எடுத்துக்காட்டுகிறார்கள். இவ்வளவையும் விட்டுவிட்டு ஹதீஸின் ஒரு வரியை மட்டும் புட்டியில் ஒட்டி விற்பவரை என்ன சொல்வது? அந்த ஒரு வரியை மட்டும் மிம்பரில் சொன்ன நம்மையும் சேர்த்தே கேட்கிறோம்.

ஸனாவைப் பற்றிய அறிவிப்பிலும் இதே நயம் உண்டு. அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களிடம், மலமிளக்கியாக எதைப் பயன்படுத்துகிறாய் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டதாகவும், அவர்கள் ஷுப்ரும் என்ற செடியைச் சொன்னபோது அது மிகவும் சூடானது, கடுமையானது என்று சொன்னதாகவும், பிறகே அவர்கள் ஸனாவுக்கு மாறியதாகவும் திர்மிதீயிலும் இப்னு மாஜாவிலும் வருகிறது. கடுமையான பேதி மருந்தை விட்டு மென்மையானதற்கு மாறிய செய்தி அது. அதை ஆதாரமாகக் காட்டித்தான் ஒரு முதியவரை வயிற்று வலியைத் தாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு, 'பார்த்தீர்களா, மூலிகை என்றாலே மோசடி' என்று யாரும் கிளம்ப வேண்டாம். சுக்கும் மிளகும் ஏலமும் விளையும் மலைகளுக்கு அடியில் வாழ்பவர்கள் நாம். நோன்புக் கஞ்சியில் வெந்தயமும் பூண்டும் இஞ்சியும் சேர்ப்பவர்கள். கருஞ்சீரகத்தைப் பற்றியும் முறையான ஆய்வுகள் நடந்திருக்கின்றன. சவுதி அரேபியாவில் சர்க்கரை நோயாளிகளிடம் நடத்தி 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், வழக்கமான மாத்திரையோடு நாளொன்றுக்கு 2 கிராம் கருஞ்சீரகம் கொடுத்தபோது சர்க்கரை குறைந்தது. 3 கிராமாக உயர்த்தியதில் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. மாத்திரையோடு இதுவும் சேர்ந்து சர்க்கரையைக் குறைக்கும் என்பதுதான் நம் பெரியவர் விஷயத்தில் வினையானது. சாப்பாடு செல்லவில்லை, வயிற்றுப்போக்கு வேறு, மாத்திரையும் எண்ணெயும் தம் வேலையைச் செய்துகொண்டே இருந்தன.

அப்படியானால் மூலிகை மருந்தோ மாத்திரையோ எடுக்கும்போது வயிறு முரண்டு பிடித்தால் என்ன செய்வது? மருத்துவர்களிடமும், அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவில் பணியாற்றும் நண்பரிடமும் கேட்டு நாம் விளங்கிக்கொண்டதைச் சொல்கிறோம்.

பெரும்பாலான தொல்லைகள் சிறியவை. இரண்டு காரணங்களில் அடங்கிவிடும். வெறும் வயிறு, அதிக அளவு. வெறும் வயிற்றில் சாப்பிட்டால்தான் மருந்து பிடிக்கும் என்பது நம் வீடுகளில் வேரூன்றிய எண்ணம். சில மருந்துகளுக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பூண்டு, இஞ்சி, மிளகு, கருஞ்சீரக எண்ணெய் போன்றவை வெற்று இரைப்பையில் எரிச்சலையும் குமட்டலையும் எளிதில் உண்டாக்கும். உணவுக்குப் பிறகோ உணவோடோ எடுத்தால் பலருக்கு அந்தத் தொல்லை மறைந்துவிடுகிறது. வடுகபட்டிச் சந்தையில் மூட்டை மூட்டையாகப் பார்க்கும் அந்தப் பூண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பல்லைப் பாலில் வேகவைத்துச் சாப்பிடுவதும், பச்சையாக ஆறு பல்லை விடியற்காலையில் விழுங்குவதும் வயிற்றுக்கு ஒன்றாகுமா? இதய நோய்க்காக இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் பூண்டு மாத்திரையைத் தாமாகத் தொடங்கவே கூடாது. இரத்தக் கசிவுக்கு அது வழி வகுக்கும்.

புதிதாக ஒன்றைத் தொடங்கும்போது சொன்ன அளவில் பாதியோ காலோ எடுத்து, மூன்று நான்கு நாள் பார்ப்பது நல்லது. ஒரே நேரத்தில் இரண்டு புதிய மருந்துகளைத் தொடங்கினால் எது வயிற்றைக் கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. பதினொரு மூலிகைக் கலவையின் சிக்கலே இதுதான். சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையே சிலருக்குக் குமட்டலும் வயிற்றுப்போக்கும் தரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்; பழி எப்போதும் மூலிகையின் மேல்தான் என்று சொல்ல முடியாது. இசப்கோல் போன்ற உமி வகைகளைப் போதிய தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் வயிறு உப்பி, மலம் இன்னும் இறுகும். கரண்டிக் கணக்கைவிடத் தண்ணீர்க் கணக்கு அங்கே முக்கியம்.

தொல்லை வந்துவிட்டால் முதலில் நிறுத்துங்கள். நிறுத்தினால் ஈமான் குறைந்துவிடாது. ஓரிரு நாளில் வயிறு தெளிந்தால் காரணம் விளங்கிவிட்டது. வயிற்றுப்போக்கு இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை, அதில் எழுதியுள்ளபடி ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் முழுவதும் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். கஞ்சி, மோர், ரசம் சோறு போதும். நோயுற்றவருக்கு வாற்கோதுமைக் கஞ்சி மன ஆறுதல் தரும் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதும், நோயிலிருந்து அப்போதுதான் எழுந்த அலீ (ரலி) அவர்களைப் பேரீச்சங்குலையிலிருந்து உண்ண வேண்டாமெனத் தடுத்து, கீரையும் வாற்கோதுமையும் சேர்த்துச் சமைத்ததை உண்ணுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னதும் நினைவுக்கு வருகின்றன. பத்தியம் என்பது நம் பாட்டிமார் மட்டும் கண்டுபிடித்ததன்று.

ஆனால் சில அறிகுறிகளோடு வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. மலம் கறுத்துத் தார் போல வருதல், வாந்தியில் இரத்தம், விடாத வயிற்று வலி, சிறுநீர் குறைதல், எழுந்தால் கண் இருட்டுதல் ஆகியவை இருந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். கண் மஞ்சளாவதும், சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போவதும், உடல் அரிப்பும் கல்லீரல் பாதிப்பின் அடையாளங்கள். அதற்கு முன்னோட்டமாகப் பல நாள் பசியின்மையும் குமட்டலும் இருக்கலாம். அதை 'மருந்து பிடிக்கிறது' என்று எடுத்துக்கொண்டு தொடர்ந்தவர்கள் உண்டு. 2021-இல் மும்பை மருத்துவர்கள் சீந்தில் தொடர்ந்து சாப்பிட்ட சிலரிடம் கல்லீரல் அழற்சியைக் கண்டு எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. 2019-இல் இத்தாலியில் செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளோடு தொடர்புபட்ட கல்லீரல் அழற்சிகள் பதிவாயின. குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றியதன்று அது. மாத்திரையாகச் சுருக்கும்போது ஒரு மாதம் சமையலில் சேரும் பொருள் ஒரு வாரத்தில் உள்ளே போய்விடுகிறது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறுவர்கள், சிறுநீரக நோயாளிகள் ஆகியோருக்கு இவற்றில் எதையும் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்போது டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள். 'ஏதோ நாட்டு மருந்து' என்று மழுப்புவதால்தான் பல பேருக்குத் தவறான சிகிச்சை நடக்கிறது. திட்டுவார்கள் என்ற பயம் வேண்டாம், திட்டினாலும் வாங்கிக்கொள்ளலாம்.

நோன்புக் காலம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸஹர் முடியும் கடைசி நிமிடத்தில் எண்ணெயையும் மாத்திரையையும் விழுங்கிவிட்டு, ஃபஜ்ர் தொழுது படுத்துக்கொள்வது பலரின் வழக்கம். படுத்தவுடன் அது நெஞ்சுக்கு ஏறி, பகல் முழுவதும் புளித்த ஏப்பம். இஃப்தாரில் கஞ்சி குடித்து, மஃரிப் தொழுது, உணவு உண்ட பிறகு எடுத்தால் தொல்லை குறையும். வாந்தி தானாக வந்தால் நோன்பு முறியாது. விரலை விட்டு வேண்டுமென்றே எடுத்தால் முறியும், கழாச் செய்ய வேண்டும். வயிற்றுப்போக்கால் சோர்ந்தவர் நோன்பை விட்டுப் பின்னால் நோற்கச் சலுகை உண்டு. கட்டாய மருந்தே அல்லாத ஒரு பொடிக்காக அந்தச் சலுகையைத் தேடும் நிலைக்குத் தம்மைத் தள்ளிக்கொள்வதுதான் சரியில்லை.

உளூ நிற்காததால் பள்ளிக்கு வராமல் இருந்த பெரியவரின் வெட்கம் நம்மை அதிகம் வருத்தியது. நம்மிடம் கேட்டிருந்தால் சட்டத்தைச் சொல்லியிருப்போம். ஹனஃபி மத்ஹபின்படி, ஒரு தொழுகையின் நேரம் முழுவதிலும் உளூச் செய்து ஃபர்ளை மட்டும் தொழுவதற்கான இடைவெளிகூட ஒருவருக்குக் கிடைக்கவில்லை என்றால் அவர் மஃதூர். ஒவ்வொரு நேரத்துக்கும் ஓர் உளூ அவருக்குப் போதும். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்க வந்திருந்தால், சட்டத்துக்கு முன்பே 'என்ன சாப்பிட்டீர்கள்?' என்று நாம் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருப்போமா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

விற்பவர்களைப் பற்றி ஒரே ஒரு செய்தி. மருத்துவம் தெரியாமல் மருத்துவம் செய்தவர், விளையும் தீங்குக்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூதிலும் நஸாயீயிலும் ஹதீஸ் இருக்கிறது. நாட்டின் சட்டமும் அதற்கு இணங்கவே இருக்கிறது: சர்க்கரை நோய், புற்றுநோய் போன்றவற்றைக் குணப்படுத்தும் என்று மருந்தை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சித்த, யுனானி மருந்து என்றால் உற்பத்தி உரிம எண்ணும், உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண்ணும், தயாரித்த நாளும் காலாவதி நாளும் டப்பாவில் இருக்க வேண்டும். எண்ணெய் மாத்திரையின் மேலுறை எதிலிருந்து செய்யப்பட்டது என்றும் கேளுங்கள். ஜெலட்டின் என்றால் எந்தப் பிராணியுடையது, எப்படி அறுக்கப்பட்டது என்ற கேள்வி நமக்கு உண்டு. நபிமருந்து என்று எழுதியிருக்கும் மாத்திரையின் தோலைப் பற்றி ஒருவரும் கேட்காதது வியப்புதான்.

பெரியவர் இப்போது நலம், அல்ஹம்துலில்லாஹ். முதல் ஸஃப்பில் பழைய இடத்தில் நிற்கிறார். தொழுகை முடிந்ததும் ஒருநாள் நம் கையைப் பிடித்து, "அஞ்சா ஏழா ஹஜரத்?" என்று கேட்டுச் சிரித்தார். மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்றோம்.

பள்ளிவாசல் முன்னால் மருந்து விற்பவர்கள், உரிம எண்ணையும் சேர்மானங்களின் தமிழ்ப் பெயர்களையும் நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்த பிறகே மேசை போட வேண்டும் என்று ஜமாஅத்துக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். 'ஏழை வியாபாரிகளின் பிழைப்பு' என்று இரண்டு பேர் தயங்குகிறார்கள். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இன்ஷா அல்லாஹ். அதற்குள் வரும் ஜும்ஆவில், சென்ற ஆண்டு பாதியில் விட்ட கருஞ்சீரகப் பயானின் மீதியைச் சொல்லி முடிக்க நாடியிருக்கிறோம்.